பெருவிரலுக்குப் பூ கேட்டது

கொல்லிமலையில் பெரக்கரை நாட்டில் மிளகு பறிக்க ஆள் தேடுகிறவர்கள் முதலில் அர்த்தனாரி வீட்டுக்குத்தான் வருவார்கள். அவருக்குக் கை ஒழியவில்லை என்றால்தான் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அர்த்தனாரியேதான் என்றாலும், பொய் என்று இதுவரை யாரும் மறுத்ததில்லை.

மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் உச்சி வரைக்கும் ஏறிப் படர்ந்திருக்கும். அதைப் பறிக்க இரண்டு கால் ஏணி தோதுப்படாது. முற்றிய மூங்கில் ஒன்றை வெட்டி, கணுவுக்குக் கணு பக்கக் கிளையை நாலு விரல் நீளம் விட்டு நறுக்கினால், அதுதான் கொல்லிமலை ஏணி. ஒரே கம்பு. அந்தக் குச்சியைக் கால் பெருவிரலும் பக்கத்து விரலும் இடுக்கிப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையும் கொடியில் வேலை செய்ய வேண்டும். அர்த்தனாரி அப்படி நின்றபடியே கீழே ரோட்டில் போகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். கேட்கிறவர்களுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

போன மாசியில் அந்த ஏணியே அவருடைய வலது பெருவிரலில் சிராய் ஏற்றிவிட்டது. மனைவி சென்னம்மாள் ஊக்கைத் தீயில் காட்டிச் சிராயைக் குத்தி எடுத்தாள். சிராய் வந்துவிட்டது. புண் மட்டும் வந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். பாதி மாத்திரையிலேயே புண் காய்ந்துவிட்டது. மீதியை அர்த்தனாரி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். சில வாரம் போனதும் புண் மறுபடி கசிந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி புண் காய்ந்தது, மறுபடி சாமி படம். இப்படியே பலாப்பழக் காலம் போய், தினை விதைத்து, மழையும் வந்துவிட்டது. புண்ணின் மேல் வெளிர்மஞ்சளாய் வழுவழுப்பாக ஒன்று படிந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நிம்மதி.

"பாரு புள்ள, ஆடை கட்டுது. பால் ஆறுனா ஆடை கட்டுதில்ல, அதாட்டத்தான். ஆறப்போகுது" என்பார்.

அதைத் துணி கூடப் படாமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார். பிள்ளை வளர்ப்பது போல் அந்த ஆடையை வளர்த்தார் என்றே சொல்லலாம்.

ஐப்பசியில் விரல் வீங்கி, பக்கத்தில் உட்கார முடியாதபடி வாடை வந்தது. சென்னம்மாள் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழே சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். "இன்னும் எலும்புக்குப் போகலை. போயிட்டா விரலை எடுத்துட வேண்டியதுதான்" என்று அங்கிருந்த டாக்டர், நகம் வெட்டுகிற விஷயம் போலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, அர்த்தனாரி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத அர்த்தனாரியைச் சென்னம்மாள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. பயந்துபோனாள். பெருவிரல் இல்லாமல் ஏணியில் நிற்க முடியாது. ஏணியில் நிற்காத அர்த்தனாரி யார் என்று அவருக்கே தெரியாது. தையில் மிளகு பழுத்துவிடும்.

மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே புதிதாக வந்திருந்த ஆண் நர்ஸின் பெயர் பிலிப். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். மலைக்கு மாற்றல் வந்த நாள் முதல் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். எல்லாரையும் அண்ணாச்சி, அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த வழுவழுப்பு எத்தன நாளா இருக்கு அண்ணாச்சி?"

"அதுங்களா, அது ஆடைங்க. ஆறுறதுக்குத்தானுங்க கட்டுது" என்றார் அர்த்தனாரி பெருமையாக.

"ஆறுததுக்கு இல்ல, ஆறவிடாம இருக்கதுக்கு. கிருமி ஒண்ணொண்ணாத் திரியும்போது மாத்திரை கொன்னுரும். இது எல்லாம் கூடி, கோந்து மாதிரி ஒண்ணச் சுரந்து, அதுக்குள்ள ஊர் கட்டிக் குடியிருக்கு. நீங்க முழுங்குத மாத்திரை அது மேல ஏறிப் பாத்துட்டுத் திரும்பிருது. மேலாப்ல இருக்கது செத்ததும் புண்ணு காய்ஞ்ச மாதிரி இருக்கும். உள்ள இருக்கது கொஞ்ச நாள்ல மறுபடி தலையத் தூக்கும்."

அறைக்குள் வந்த டாக்டர் கிருஷ்ணகுமாரியும் குனிந்து பார்த்தார். "இதுக்கு பயோஃபிலிம்னு பேரு. பல்லுல காலையில ஒரு படலம் படியுதே, அதுவும் இதே சாதிதான். வாயைக் கொப்பளிச்சாப் போகாது, தேய்ச்சாத்தான் போகும். அதனால இதைச் சுரண்டி எடுத்துட்டு, அப்புறம் மாத்திரையை முழுசாச் சாப்பிடணும். சாமி படத்துக்குப் பின்னாடி வைக்கக் கூடாது" என்றார்.

சாமி படத்தைப் பற்றிச் சொன்னது யார் என்று அர்த்தனாரி சென்னம்மாளைத் திரும்பிப் பார்த்தார். சென்னம்மாள் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பிலிப் தட்டில் ஒரு சின்னக் கரண்டியை எடுத்து வைத்தார். விளிம்பு கூராக, காது குடைகிற அளவுதான் இருக்கும். அர்த்தனாரி அதைப் பார்த்தார்.

"அதுக்குள்ள குடியிருக்கறதுகள எதுக்குங்க சார் கலைக்கோணும், பாவம்" என்றார். பிறகு, "ஒண்ணுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க" என்று எழுந்தார்.

எந்த மரத்தின் உச்சியிலும் நிற்கிற மனிதர், அந்தக் கரண்டிக்குப் பயந்து பின்வாசல் வழியாக வெளியேறி, புறப்பட்டுக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் சென்னம்மாள் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வந்தாள். அதை அவர் முன்னால் வைத்தாள்.

"செருப்புக்கு வைத்தியம் பாத்தாச்சுங்க. நல்லா இருக்குதாமா. கால் எப்ப வருதுன்னு கேட்டாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துச் சின்னராசு வந்து சேர்ந்தான். சென்னம்மாளின் தம்பி. நல்ல பையன்தான், ஆனால் எதை எப்போது பேசுவது என்று தெரியாது. சுவரோரம் சாய்த்திருந்த மூங்கில் ஏணியை மேலும் கீழும் பார்த்து, ஒரு குச்சியில் காலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"மாமா, இது சும்மாதானுங்க கெடக்குது. தைக்கு நான் எடுத்துக்கட்டுங்களா? உங்களுக்குத்தான் கால்..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அர்த்தனாரி பார்த்த பார்வையில் ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

"காலைல மொத பஸ்ஸுக்கு எழுப்பு" என்றார் அவர் சென்னம்மாளிடம்.

முதல் தடவை சுரண்டும்போது மரத்துப்போகும் மருந்து போட்டிருந்தும் அர்த்தனாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மலையிலுள்ள எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிலிப் சுரண்டியதை விடச் சாமி பட்டியல் நீளமாக இருந்தது. அதன் பிறகு வாரம் ஒரு முறை போனார். அடியில் சிவப்பாகப் புதுச் சதை எட்டிப் பார்த்தது. மாத்திரையை ஒன்று விடாமல் விழுங்கினார். மலைவாழைப்பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னராசுவின் தோளில் கை போட்டு நடக்கிற அளவுக்கு மனசும் தேறிவிட்டது.

கார்த்திகை பிறந்ததும் புண்ணில் மறுபடி அந்த வழுவழுப்பு. இந்தத் தடவை லேசாகப் பச்சை வேறு.

பிலிப் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். டாக்டர் கிருஷ்ணகுமாரி நிதானமாகச் சொன்னார்: "பொங்கலுக்குள்ள இது மூடணும் அர்த்தனாரி. மூடலைன்னா கீழ அனுப்பி விரலை எடுக்கச் சொல்றதைத் தவிர எனக்கு வழியில்லை. பாதத்துக்கு ஏறவிட முடியாது."

அர்த்தனாரிக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வீட்டுல எப்படிக் கழுவுதிய? காய்ச்சி ஆறவச்ச தண்ணிதான?" என்று பிலிப் கேட்டார்.

"நல்ல தண்ணீலதானுங்க."

அந்தப் பதிலில் பிலிப்புக்கு ஏதோ ஒன்று இடித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, அதே நல்ல சட்டையோடும் அதே ஸ்வெட்டரோடும் பிலிப் அவர் வீட்டுக்கே பைக்கில் வந்து இறங்கினார். சென்னம்மாள் கருப்பட்டிக் காப்பி போட்டாள். குடித்து முடித்ததும், "அண்ணாச்சி, தினமும் செய்யுத மாதிரி ஒரு தடவ கழுவிக் காட்டுங்க" என்றார்.

அர்த்தனாரி சந்தோஷமாக எழுந்தார். வீட்டுக்குப் பின்னால் கறுப்பு ஓஸ் பைப்பின் வாய் தொங்கிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். காலை அதனடியில் நீட்டினார்.

"தண்ணியக் காய்ச்சலையா?"

"இது ஊத்துத் தண்ணிங்க சார்" என்றார் அர்த்தனாரி, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல.

சொல்ல நிறைய இருந்தது. சென்னம்மாள்தான் சொன்னாள். மேட்டில் ஊத்தடிக் கருப்பன் காலடியில் ஊறுகிற தண்ணீர் அது. அந்த ஊரில் அதில் சோறு ஆக்கலாம், காப்பி போடலாம், தூளோ தானியமோ சேர்த்து எது வேண்டுமானாலும் கொதிக்க வைக்கலாம். ஆனால் வெறும் தண்ணீராக அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். குளிக்கக்கூட வெந்நீர் வைப்பதில்லை. வெறும் தண்ணீரைக் காய்ச்சுவது, உன் தண்ணீர் சுத்தமில்லை என்று கருப்பன் முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சமம். பஞ்சாயத்துத் தொட்டி மோட்டார் கருகிப்போன பிறகு ஊருக்கு வேறு நல்ல தண்ணீரும் இல்லை.

பிலிப் ஓஸின் வாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரலில் பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

அர்த்தனாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், ஊத்துல குத்தம் பாக்காதீங்க. இந்த ஊருல ஒருத்தரும் உங்களுக்குச் சோறு போட மாட்டாங்க."

"சரி, ஊத்தையே போய்ப் பாத்துருவோம்" என்றார் பிலிப்.

மூன்று பேரும் மேடேறினார்கள். கருப்பனுக்கு முன்னால் பிலிப் செருப்பைக் கழற்றினார். அது அர்த்தனாரிக்குப் பிடித்திருந்தது. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கண்ணாடியாய் வந்துகொண்டிருந்தது. பிலிப் கல்லைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் விழுகிற வேகத்தில் கல் சொரசொரப்பாகவே இருந்தது.

"ஊத்துல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. அது உங்க காலுக்கு வார வழியிலதான் குத்தம்."

அர்த்தனாரி அந்த வழியைப் பார்த்தார். ஊற்றிலிருந்து வீடு வரைக்கும் பாறை மேலும் காப்பிச் செடிக்குள்ளும் வளைந்து வளைந்து வெயிலில் கிடந்தது அந்தக் கறுப்பு ஓஸ். ஊரில் முதன்முதலில் ஓஸ் போட்டுத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இதையும் அவரேதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் போட்டார்கள். கருப்பன் மேல் குற்றமில்லை என்பதில் உயிர் வந்தது. குற்றம் தன் ஓஸ் மேல் என்பதில் அந்த உயிர் பாதி போனது.

வீட்டுக்கு இறங்கி வந்ததும் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, ஓஸின் நுனியில் ஒரு முழம் அறுத்து, நீளவாக்கில் பிளந்தார். உள்பக்கம் முழுக்கக் கொழகொழப்பு. மீதி ஓஸின் வாயில் கட்டைவிரலை வைத்து அமுக்கி, தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வைத்து அந்தப் பிளந்த துண்டின் மேல் பிடித்தார். தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. கொழகொழப்பு அப்படியே இருந்தது. பிறகு விரலால் அழுத்தித் தேய்த்தார். வழித்துக்கொண்டு வந்தது.

தன் கால் விரலையும் ஓஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுரண்டிச் சுரண்டி நீங்க எடுக்க, நான் இதுல காலை நீட்டி மறுக்கா விதச்சிருக்கறனுங்க" என்றார்.

"ஓஸைச் சுத்தம் பண்ணுங்க. ஆனா புண்ணுக்குன்னா எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டுப் பிலிப் பைக்கைக் கிளப்பினார்.

சிக்கல் அங்கேதான். ஓஸைச் சுத்தம் செய்யலாம். தண்ணீரைக் காய்ச்ச முடியாதே.

"ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காய்ச்சுனா வெறுந்தண்ணி ஆகாதில்லைங்க. புண்ணுக்கும் உப்புத்தண்ணி நல்லதாமா" என்றாள் சென்னம்மாள்.

"சோத்துக்கு உப்புப் போடலாம். சாமிய ஏமாத்த உப்புப் போடக் கூடாது புள்ள. பூக் கேப்போம். கருப்பன் சரின்னா காய்ச்சுவோம்."

"வேண்டாம்னுட்டா?"

வேண்டாம் என்று வந்துவிட்டால் இந்த மனிதர் விரலைக் கொடுப்பாரே தவிரத் தண்ணீரைக் காய்ச்ச மாட்டார் என்பது சென்னம்மாளுக்குத் தெரியும். அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பூக் கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லாக் காரியத்துக்கும் உண்டு. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்துவிட்டு, கும்பிட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் இருவரும் குளித்துவிட்டு மேடேறினார்கள். வழியில் வேலியோரம் அரளிச் செடிகள் நின்றன. வெள்ளரளி ஒதுக்குப்புறமாக இருந்ததால் பூத்திருந்தது. செவ்வரளி மழையில் எல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. அர்த்தனாரி நொண்டிக்கொண்டே அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்.

சென்னம்மாள் முந்தானையில் முடிந்து வந்த பூவை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் மடித்து எடுத்து வந்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கருப்பனின் அரிவாளுக்கு முன்னால் வைத்தாள். அவள் கை நடுங்கியது.

அர்த்தனாரி கண்ணை மூடினார். ஏணி, மரம், தை மாதம், எல்லாம் மனசில் வந்து போயின. பெருவிரல் பயத்தில் தானாக மடங்கியது. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அர்த்தனாரி அவள் தலையில் கை வைத்து, "என்னத்துக்கு அழுவுற, கருப்பனே சரின்னுட்டான்" என்றார். அவள் மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இறங்கும்போது ஓடையில் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சின்னராசுவைக் கூப்பிட்டு, ஓஸை இணைப்புகளில் கழற்றித் துண்டு துண்டாகப் போட்டார்கள். நைலான் கயிற்றின் நுனியில் சாக்குத் துணியை உருண்டையாகக் கட்டி ஒரு வாயில் விட்டு மறு வாயில் இழுத்தார்கள். சின்னராசு இழுத்த இழுப்பில் சேறு மாதிரி வெளியே வந்து அவன் சட்டையிலேயே விழுந்தது.

"இதையா மாமா இத்தன நாளாக் குடிச்சோம்?"

"பேசாம இழு மாப்ள. ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிராத" என்றார் அர்த்தனாரி. ஆனால் பொழுது சாய்வதற்குள் அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். ஓஸைத் துணி விட்டுத் தேய்க்க வேண்டும் என்று ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் தாம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். பிலிப் கொடுத்தனுப்பிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஊறவைத்து, ஊர் ஓஸ் எல்லாம் கழுவப்பட்டது.

சென்னம்மாள் தினமும் ஒரு தனிக் குண்டானில் வெறும் ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அடுப்பில் ஏற்றும்போது மட்டும் மேட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு.

கடைசித் தடவை சுரண்டும்போது ஆழமாகச் சுரண்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் கிருஷ்ணகுமாரி முதலிலேயே சொல்லிவிட்டார். பிலிப் பின்வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் தட்டை எடுத்தார்.

"அதெல்லாம் வேண்டாங்க சார்" என்றார் அர்த்தனாரி. காலைத் தானே தூக்கி மேஜை மேல் வைத்தார். "ஓஸுக்குள்ள துணி உட்டு நானே இழுத்தவன். ஓரத்துல ஒட்டுனது கூட இருக்கக் கூடாதுங்க. வழிச்சு எடுங்க."

அன்று அவர் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. எங்கே ஒட்டியிருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்து, "அந்த மூலையில சார், அங்க இன்னும் வழுவழுங்குது பாருங்க" என்று பிலிப்புக்கே வேலை சொன்னார். பிலிப் சிரித்ததில் கை ஆடிவிட, டாக்டர் இருவரையும் அதட்டினார்.

மார்கழிக் குளிரில் புண் சுருங்கியது. பொங்கலுக்கு முன்னால் டாக்டர் கட்டைப் பிரித்து, விரலை அழுத்திப் பார்த்து, மறுபடி அழுத்திப் பார்த்தார். மூடியிருந்தது. இளஞ்சிவப்பில் புதுத் தோல். "நடங்க. ஓடுங்க. பஸ் மட்டும் பிடிக்காதீங்க" என்றார். சென்னம்மாள் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிலிப்புக்குப் பச்சை மிளகு ஊறுகாய் ஒரு ஜாடி போனது.

தோல் கெட்டிப்பட டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பொறுத்திருந்து, தை முடிகிற சமயத்தில் அர்த்தனாரி ஏணியைத் தோளில் தூக்கினார். ஏணியின் ஒவ்வொரு குச்சியையும் சின்னராசு சிராய் இல்லாமல் இழைத்து வைத்திருந்தான். முதல் மரம். வலது காலைக் குச்சியில் வைத்தார். பெருவிரல் பிடித்தது. பக்கத்து விரலும் வந்து சேர்ந்து இடுக்கியது. மளமளவென்று ஏறினார்.

உச்சிக்குப் போய்ச் சாக்கைக் கட்டி, முதல் கொத்தைப் பறித்த பிறகுதான் சென்னம்மாள் கீழிருந்து குரல் கொடுத்தாள். சின்னராசு அடுத்த மரத்தடியில் இருந்தான். அவர் உயரத்துக்குப் போகட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். சட்டென்று இறங்கி வந்துவிட முடியாதே.

"ஏனுங்க."

"என்ன புள்ள?"

"ஒண்ணு சொல்லோணும். கோவிக்கக் கூடாது. நெஞ்சுக்குள்ளயே கெடந்து உறுத்துதுங்க."

"சொல்லு."

"அன்னிக்குக் கருப்பங்கிட்டப் பூக் கேட்டோமில்லைங்க. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதானுங்க வெச்சிருந்தேன்."

மேலே கொடி அசைவது நின்றது. சென்னம்மாள் ஏணியின் அடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் அர்த்தனாரி.

"எப்படிங்க?"

"செவ்வரளி மொட்டையா நிக்குது. நீ செவப்புப் பூவுக்கு எங்க போவ?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவில் அவர் கால் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன.

"சாமிய ஏமாத்த ஒரு சிட்டிகை உப்புக்கு ஒத்துக்கல. இதத் தெரிஞ்சிருந்தும் எதுக்குங்க எடுத்தீங்க?"

ஒரு மிளகுக் கொத்து அவள் தோள் மேல் விழுந்தது.

"உப்பு நானாப் போட்டாத்தான் ஏமாத்து. நீ அந்த மரத்துக்குப் பின்னால உக்காந்து பூ மடிச்சத நான் பாத்தேன். கை அந்த நடுக்கம் நடுங்குது. கருப்பனும் பாத்துட்டுத்தான இருந்தான். எம் பொண்டாட்டி இப்படி நடுங்கறதப் பாத்துட்டு அவன் வேற என்ன பூவக் குடுப்பான்னு நெனச்சேன். எடுத்துட்டேன்."

சென்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் மேலே இருந்து, ரோட்டில் போன யாரையோ கூப்பிட்டு, பெரக்கரை நாட்டிலேயே கருப்பனிடம் நேராகப் பேசித் தண்ணீர் காய்ச்ச உத்தரவு வாங்கியவர் தாம் ஒருவர்தான் என்று அர்த்தனாரி ஆரம்பித்துவிட்டார்.

"பேச்சக் கொறச்சுட்டுக் காலை நல்லா ஊனிப் பிடிங்க" என்றாள் அவள்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்றது மேலே இருந்து குரல். பெருவிரல் அந்த மூங்கில் குச்சியை இறுக்கிக்கொண்டுதான் இருந்தது.